பெட்டியில் எழுதாதது

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். எடைக் கற்கள் மெல்ல இறங்க, பல்சக்கரங்கள் சுற்றி மணி காட்டும் பழைய கடிகாரம். உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் ஏறக்குறைய இந்த ரகம்தான். உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது. ஒரு முள் ஓடி ஓடித் தேடுகிறது. ஐ.பி.எம். இதை முதலில் கொண்டுவந்தது 1956-ல். கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த அதே வருஷம். (அரண்மனை மட்டும் கேரள அரசிடமே தங்கிவிட்டது.)

முள் ஒவ்வொரு ஃபைலுக்கும் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். வினாடிக்கு நூறு தேடல் தேறினால் அதிகம். விண்டோஸ் எழுந்திருப்பதற்குள் ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்களைக் கேட்கிறது. நீங்கள் காபி குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற சமாசாரமே கிடையாது. எல்லாம் சிப். மலிவான எஸ்.எஸ்.டி. கூட வினாடிக்குப் பல ஆயிரம் தேடல்களைச் சுலபமாகச் செய்யும். அதனால் தக்கலை ரிப்பேர் கடைக்காரர், 'இதைப் போட்டாப் பறக்கும்லா' என்று சொன்னால் தாராளமாக நம்பலாம்.

என் சண்டை கடைக்காரரோடு இல்லை, பெட்டியோடு.

பெட்டியில் கொட்டை எழுத்தில் '500 எம்.பி. வேகம் வரை' என்று இருக்கும். ஜவுளிக்கடை போர்டில் '50% வரை தள்ளுபடி' என்று போடுவார்களே, அதே 'வரை'தான். ஒரே பெரிய ஃபைலை நேராகப் படிக்கும்போது கிடைக்கிற வேகம் அது. எழுதும்போது கதை வேறு. மலிவு எஸ்.எஸ்.டி. முதலில் கொஞ்சம் இடத்தில் வேகமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும். அந்த இடம் நிரம்பியதும் மூச்சு வாங்கும். கல்யாண வீடியோவை மொத்தமாகக் காப்பி செய்து பாருங்கள், தெரியும். ஒரு செல்லில் மூன்று பிட் வைத்திருக்கிறார்களா, நான்கு பிட்டைத் திணித்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது இது. அந்த விவரம் பெரும்பாலான பெட்டிகளில் இருக்காது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. 2021-ல் க்ரூஷியல் பி2, டபிள்யூ.டி. ப்ளூ எஸ்.என்.550 இரண்டிலும், பெயரை மாற்றாமல் உள்ளே இருந்த சிப்பை மட்டும் மாற்றியது வெளியே வந்தது. ஆரம்பத்தில் விமர்சகர்கள் சோதித்தது ஒன்று, பின்னால் வாங்கியவர் கைக்கு வந்தது அதைவிட மெதுவான இன்னொன்று. வெஸ்டர்ன் டிஜிட்டல் கடைசியில், இனி இப்படி மாற்றினால் மாடல் நம்பரையும் மாற்றுவோம் என்று சொன்னது.

பி.காம். படித்தவர்களுக்கு 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் நினைவிருக்கலாம். அதன் 17-வது பிரிவு, மாதிரியைக் காட்டி விற்றால் சரக்கும் மாதிரி மாதிரியே இருக்க வேண்டும் என்கிறது. விமர்சனத்தை மாதிரி என்று கோர்ட் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அதைப் படித்துத்தானே நாம் காசை நீட்டுகிறோம்? நியாயம் ஒன்றுதான்.

சரி, என்ன செய்யலாம்? 500, 550 என்று வேகத்தை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பழைய லேப்டாப்புக்கு இரண்டரை இன்ச் 'சாட்டா' போதும். வாரன்டி எத்தனை வருஷம், மொத்தம் எவ்வளவு எழுதத் தாங்கும் என்று பாருங்கள். கிங்ஸ்டன் ஏ400-ன் 240 ஜி.பி. மாடலுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 80 டி.பி. தினம் 10 ஜி.பி. எழுதினாலும் கிட்டத்தட்ட 22 வருஷக் கணக்கு. அதற்குள் லேப்டாப்பின் கீல் போய்விடும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிராசசர் ரொம்பப் பழசென்றால், எஸ்.எஸ்.டி. போட்டதால் மட்டும் விண்டோஸ் 11 ஏற்றிவிட முடியாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனபோது பழைய அரண்மனையை யாரும் இடித்துவிடவில்லை. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகடவென்று முனகிக் காட்டும். எஸ்.எஸ்.டி. பல சமயம் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். பழையது நல்ல நிலையில் இருந்தால் ஒரு யு.எஸ்.பி. உறையில் போட்டு, குழந்தைகளின் போட்டோக்களை அதிலும் ஒரு காப்பி வைத்துவிடுங்கள். இன்றைக்கே.