முடியாட்சியின் வீழ்ச்சியும் அதன் பின்னும்: பாரதியின் ‘புதிய ருஷியா’வும் ‘செல்வம்’ கட்டுரையும்

திறவுச்சொற்கள்: பாரதி, புதிய ருஷியா, செல்வம், ஜாராட்சி, இரட்டை அதிகாரம், கிருதயுகம்

முன்னுரை

சுப்பிரமணிய பாரதியின் ‘புதிய ருஷியா’ பொதுவுடைமைப் புரட்சியைத் தமிழில் வரவேற்ற குரலாக நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வருகிறது. ‘யுகப்புரட்சி’ என்னும் சொல்லும் லெனின் தலைமையில் நிகழ்ந்த நவம்பர்ப் புரட்சியும் தமிழ் வாசக மனத்தில் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. எனினும் கவிதையின் துணைத்தலைப்பு ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சியை மட்டுமே சுட்டுகிறது. ஜார் வீழ்ந்ததற்கும் பொதுவுடைமையாளர் ஆட்சியைக் கைப்பற்றியதற்கும் இடையே ஏறத்தாழ எட்டு மாதங்கள் உள்ளன. அவ்விடைவெளியைக் கவிதை எவ்வாறு கையாளுகிறது, பாரதியின் உரைநடை எவ்வாறு கையாளுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கவிதையில் இடம்பெறுவோரும் இடம்பெறாதோரும்

ஆறு பாடல்களாலான இக்கவிதையில் இடம்பெறுவோர் சிலரே. கடைக்கண் வைக்கும் மாகாளி, வீழும் கொடுங்கோலன், அவனைச் சூழ்ந்து பொய்யுரைத்தோர், உழுதும் உணவின்றி வாடுவோர், உண்மை பேசியதால் சிறைக்கும் தூக்குக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டோர், இறுதிப் பாடலில் தம் சொல்லால் ஆட்சி அமைக்கும் குடிமக்கள் ஆகியோரே அவர்கள். கட்சி என ஒன்று கவிதையில் இல்லை. லெனின் பெயரும் இல்லை. ஆலைத் தொழிலாளரோ படைவீரரோ இல்லை. 1917 மார்ச்சில் பெத்ரோகிராடு நகரின் தெருக்களை நிரப்பிய மக்களுள் இவ்விரு பிரிவினரே முதன்மையானவர்கள்.

இறுதிப் பாடல் குடியரசு அறிவிக்கப்பட்டதைக் கூறுகிறது. ரஷ்யா முறைப்படி குடியரசென அறிவிக்கப்பட்டது 1917 செப்டம்பர் 14 அன்று. அறிவித்தது கெரென்ஸ்கி தலைமையிலான தற்காலிக அரசு. ஆகவே, கவிதை தன் சொற்களால் கொண்டாடுபவை முடியாட்சியின் முடிவும் குடியாட்சியின் தோற்றமுமே ஆகும். உழுவோர் பசி பேசப்படுவதால் வர்க்க உணர்வு கவிதையில் உண்டு என மார்க்சிய நோக்கினர் கூறுவது ஏற்கத்தக்கது. ஆயினும் அப்பசி ஜாரின் கொடுமைக்குச் சான்றாகவே அங்கு நிற்கிறது. நிலம் இனி யாருக்கு உரியது என்னும் வினாவைக் கவிதை எழுப்பவில்லை.

இரணியன் உவமையும் வெற்று அரியணையும்

பாரதி ஜாரை இரணியனுக்கு ஒப்பிடுகிறார். கொடுமையின் அளவைத் தமிழ் வாசகர் உடனே உணர்ந்துகொள்வதற்கு இதனினும் பொருத்தமான உவமை அரிது. ஆனால் உவமை ஒரு பண்பை மட்டும் கொண்டுவருவதில்லை. தான் பிறந்த கதையின் முடிவையும் உடன் கொண்டுவருகிறது. இரணியன் மடிந்தபின் பிரகலாதன் இருக்கிறான். அறமுடைய வாரிசு முன்னரே ஆயத்தமாக இருப்பதால், அடுத்து ஆள்வது யார் என்னும் வினாவுக்குப் புராணத்தில் இடமில்லை.

ரஷ்யாவில் நிலை வேறு. 1917 மார்ச் 15 அன்று இரண்டாம் நிக்கோலஸ் தனக்காகவும் தன் மகனுக்காகவும் முடிதுறந்தார். தம்பி மிகயீலுக்கு அரசுரிமையை விட்டுக்கொடுத்தார். அரசியல் நிர்ணய சபை அழைத்தாலன்றி முடியேற்பதில்லை என மறுநாளே மிகயீல் ஒதுங்கினார். அரியணை வெற்றாயிற்று. ஒருபுறம் இளவரசர் லுவோவ் தலைமையில் தற்காலிக அரசு. மறுபுறம் தொழிலாளர், படைவீரர் பிரதிநிதிகளைக் கொண்ட பெத்ரோகிராடு சோவியத். அரசிடம் பதவி இருந்தது. படைவீரரின் கீழ்ப்படிதலோ சோவியத்தின் பக்கம் சாய்ந்தது. வரலாற்றாசிரியர் ‘இரட்டை அதிகாரம்’ எனக் குறிக்கும் இந்நிலையிலிருந்தே ஜூலை எழுச்சியும், தளபதி கோர்னீலவின் முறியடிக்கப்பட்ட படைநகர்வும், இறுதியில் நவம்பர் 7 அன்று போல்ஷ்விக்குகளின் ஆட்சிக் கைப்பற்றலும் விளைந்தன.

கவிதையிலோ குடிமை நீதி ஒரு நொடிப்பொழுதில் எழுந்துவிடுகிறது. இடிந்த சுவர்போல் கலி வீழ, கிருதயுகம் எழவேண்டும் என்னும் வாழ்த்தோடு கவிதை நிறைவுறுகிறது. யுகமாற்றம் என்னும் புராணக் காலக்கணக்கில் ஒரு யுகம் முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. வென்றோர் தமக்குள் மோதிக்கொள்ளும் இடைக்காலத்துக்கு அங்கு இடமில்லை. சூறைக்காற்றில் மரங்கள் வீழ்ந்து காடு விறகாவதாகப் பாரதி அமைத்த காட்சி, பழைய ஆட்சியின் சரிவை மிகத் துல்லியமாகப் புலப்படுத்துகிறது. அவ்விறகை அள்ளிச் செல்ல வருவோர் யார் என்பதை அக்காட்சி காட்டுவதில்லை. வாழ்த்துப்பா என்ற வகையில் இது குறையாகாது. அப்பாடலைப் புரட்சியின் முழு வரலாறாகப் படிக்கும்போதுதான் குறை நேர்கிறது.

உரைநடையில் தோன்றும் லெனின்

கவிதை விட்டுச்சென்ற வினாவைப் பாரதி ‘செல்வம்’ என்னும் கட்டுரையில் எதிர்கொள்கிறார். இங்கு மாகாளி இல்லை. லெனின் பெயர் சொல்லப்படுகிறார். அவரது ஆட்சியின்கீழ் விளைநிலமும் பிற செல்வமும் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டதைப் பாரதி பரிவோடு எடுத்துரைக்கிறார். செல்வம் சிலரிடம் குவிவதால் வறுமை விளைகிறது என்பதில் அவருக்கு ஐயமில்லை.

நோக்கத்தை ஏற்கும் அவர் வழிமுறையை மறுக்கிறார். கொலை செய்வோரைக் கொலையாலேயே அடக்க நேர்கிறது என்னும் வாதத்தை லெனினுடையதாக எடுத்துக்கூறி, அதைத் தவறெனத் தள்ளுகிறார். கொலை மேலும் கொலையையே வளர்க்கும் என்பது அவர் காட்டும் காரணம். மாற்றாக, நிலமுடையோரும் ஏழைகளும் தம்முள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் கிராம ஏற்பாடு ஒன்றை முன்வைக்கிறார். நிலமுடையோர் தம் நலனைத் தாமே விட்டுக்கொடுப்பர் என்னும் நம்பிக்கையின்மீது எழுந்த அத்திட்டம் வலுவற்றது. அதை நிறைவேற்றும் ஆற்றல் எங்கிருந்து வரும் என்பதைக் கட்டுரை தெளிவுறுத்தவில்லை. ஆனால் அவர் எழுப்பிய ஐயம் வலுவுடையது. 1918 ஜனவரி 18 அன்று கூடிய அரசியல் நிர்ணய சபையில் சமூகப் புரட்சியாளர் கட்சியினரே பெரும்பான்மையர். ஒரே அமர்வோடு அச்சபை கலைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில், முன்பு ஆட்சியில் பங்கேற்றிருந்த இடதுசாரிச் சமூகப் புரட்சியாளரின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 1921 மார்ச்சில், புரட்சிக்குத் துணைநின்ற குரோன்ஸ்டாட் கடற்படையினரின் எழுச்சியும் படைவலியால் அடக்கப்பட்டது. ஜாரை எதிர்த்து ஒருங்கே நின்றோருக்கு எதிராகவே வன்முறை திரும்பிய வரலாறு இது.

இரண்டையும் இணைத்துப் படித்தல்

‘புதிய ருஷியா’வை மட்டும் எடுத்துக்கொள்வோர் பாரதியைப் பொதுவுடைமையாளராக்குகின்றனர், ‘செல்வம்’ கட்டுரையை மட்டும் எடுத்துக்கொள்வோர் அவரைப் பொதுவுடைமைக்குப் பகைவராக்குகின்றனர். இரு தரப்பும் செய்யும் பிழை ஒன்றே: இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளுக்கு எழுந்த எதிர்வினைகளை ஒரே நிகழ்ச்சிக்கு உரியனவாகக் கொள்கின்றனர். கவிதை ஒரு முடியாட்சியின் வீழ்ச்சிக்கு எழுந்தது. கட்டுரை அவ்வீழ்ச்சிக்குப் பின் அமைந்த அதிகாரத்தின் தன்மையைப் பற்றியது. கொடுங்கோலனின் வீழ்ச்சியில் மகிழ்ந்தவர், அடுத்து வந்தோரின் வழிமுறையை ஐயுற்றார் என்பதில் முரண்பாடில்லை. முன்னைய மகிழ்ச்சிக்கும் பின்னைய ஐயத்துக்கும் அடிப்படை ஒன்றே. உண்மை பேசுவோரைச் சிறையிலும் தூக்கிலும் இடும் ஆட்சியைக் கவிதை பழிக்கிறது. அதே அளவுகோலைக் கட்டுரை புதிய ஆட்சிக்கும் பொருத்துகிறது.

முடிவுரை

‘புதிய ருஷியா’வின் துணைத்தலைப்பும், அதில் இடம்பெறுவோரும், அதன் குடியரசு அறிவிப்பும் ஜாராட்சியின் முடிவையே மையப்படுத்துகின்றன. இரணியன் உவமையும் கிருதயுகக் கனவும் கவிதைக்கு ஆற்றல் தருகின்றன; அவையே வீழ்ச்சிக்குப் பின்னான அதிகாரப் போட்டியைக் கவிதையின் பார்வைக்கு அப்பால் வைத்தும் விடுகின்றன. அப்போட்டி எழுப்பும் அறச்சிக்கலை ‘செல்வம்’ கட்டுரை எதிர்கொள்கிறது. பாரதியும் ரஷ்யப் புரட்சியும் குறித்த பாடங்களில் இவ்விரு படைப்புகளும் அடுத்தடுத்து வைத்துப் பயிலப்படுதல் வேண்டும். அவ்வாறு பயிலுங்கால், ஒரு முடி வீழ்ந்த நாளில் எழும் களிப்பையும், வெற்று அரியணையை நிரப்ப வருவோரை நோக்கி எழுப்பவேண்டிய வினாவையும் ஒருவரே தமிழில் எழுதிச்சென்றார் என்பது புலப்படும்.