காதில் விழுந்த கிரீன் கார்டு

எங்கள் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடி நண்பர் காலை நடைக்கு வரும்போது காதில் வெள்ளையாக இரண்டு குமிழ் செருகியிருப்பார். யார் வணக்கம் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார். 2024 ஜூன் கடைசியில் ஒருநாள் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என்னை நோக்கி வேகமாக வந்தார்.

'சார், கவலை விட்டது. இனிமே படிச்சு முடிச்சா டிகிரியோட கிரீன் கார்டும் சேர்த்துக் குடுத்துடுவாங்களாம்!'

அவர் மகன் டெக்ஸாஸில் எம்.எஸ். படிக்கிறான். வீட்டின் மேல் வாங்கிய கடன், டாலர் விலை, விசா மூன்றும்தான் அவருடைய தினசரிக் கவலைகள்.

'யார் சொன்னது?'

'ட்ரம்ப்பே சொன்னார், சார். நம்ம சாக்ஸ் ஷோவுல.'

எனக்கு ட்ரம்ப்பைவிட அந்த 'நம்ம'தான் இடித்தது. டேவிட் சாக்ஸ், பேபால் கம்பெனியின் ஆரம்ப கால ஆசாமிகளில் ஒருவர். இப்போது பெரும் பணக்கார முதலீட்டாளர். நண்பர் அவரைப் பார்த்ததில்லை, பேசியதில்லை. ஆனால், வாரத்துக்கு ஒண்ணரை மணி நேரம் ஒருவர் குரலைக் காதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தால் அவர் 'நம்ம' ஆளாகிவிடுகிறார். கூடப்பிறந்த தம்பியோடுகூட நாம் அத்தனை நேரம் பேசுவதில்லை.

டெக்னாலஜி, அரசியல் இரண்டையும் பாட்காஸ்ட்டிலேயே தெரிந்துகொள்கிற ஒரு கூட்டம் நம் நகரங்களில் உருவாகியிருக்கிறது. நானும் அதில் உண்டு. பஸ்ஸில், டிராஃபிக்கில், பாத்திரம் தேய்க்கும்போது (ஆம், தேய்ப்பேன்) கேட்கிறேன். அதனால் இது வெளியாள் வைக்கிற குறையல்ல.

பேர் வந்த கதை சின்னது. 2004 பிப்ரவரியில் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்பவர் ஐபாடையும் பிராட்காஸ்ட்டையும் ஒட்டிப் போகிறபோக்கில் ஒரு வார்த்தை போட்டார். அடுத்த வருஷம் ஆப்பிள் அதைத் தன் ஐட்யூன்ஸில் சேர்த்துக்கொண்டது. ஐபாட் 2022-ல் விடைபெற்றுவிட்டது. ஒட்டுப்போட்ட வார்த்தை மட்டும் நிற்கிறது.

என் தலைமுறைக்குச் செய்தி என்றால் 'ஆகாசவாணி. செய்திகள். வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி.' கம்பீரமான குரல். ஆனால், அந்த 'வாசிப்பது' என்ற ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. இது யாரோ எழுதியது, நான் வாசிக்கிறேன், என் சொந்தச் சரக்கு இல்லை என்கிற அறிவிப்பு அது. சர்க்கார் எழுதிக் கொடுத்ததுதான், அதற்குரிய வழவழா கொழகொழா உண்டு. இருந்தாலும் குரலுக்கும் செய்திக்கும் நடுவில் ஒரு காகிதம் இருப்பது கேட்பவருக்குத் தெரியும். 2001-ல் தனியார் எஃப்.எம். வந்தபோதும் சொந்தமாகச் செய்தி சொல்ல அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆக நம் காது ஆகாசவாணியிலிருந்து ஒரே தாவலாக பாட்காஸ்ட்டுக்கு வந்துவிட்டது. இங்கே யாரும் 'வாசிப்பது' என்று சொல்வதில்லை. நண்பன் மாதிரி பேசுகிறார்கள், நடுவில் சிரிக்கிறார்கள். காகிதம் காணாமல் போய்விட்டது.

காகிதத்தை விடாத ஒருவரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் கிப்ஸன் என்கிற பழைய புரோகிராமர். இன்னமும் அசெம்ப்ளி மொழியில் புரோகிராம் எழுதுகிற பிடிவாதக்காரர். லியோ லபோர்ட்டுடன் சேர்ந்து 2005 ஆகஸ்ட்டிலிருந்து 'செக்யூரிட்டி நௌ' என்று கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி வாராவாரம் பேசுகிறார். தன் எண்கள் மூன்று இலக்கம்தான், 999-ஆவது நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நேயர்கள் விடவில்லை. 2024-ல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார். சுவாரசியமான பேச்சாளர் என்று சொல்ல மாட்டேன். இழுப்பார். திடீரென்று தான் படித்த சயின்ஸ் ஃபிக்ஷனுக்குத் தாவுவார். தான் விற்கிற ஹார்டு டிஸ்க் மென்பொருளைப் பற்றி மறக்காமல் நாலு வார்த்தை சொல்வார்.

ஆனால், அவர் செய்கிற ஒரு காரியத்துக்காக இதையெல்லாம் மன்னிக்கலாம். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஆள் வைத்து வார்த்தை வார்த்தையாக எழுத்தில் இறக்கித் தன் தளத்தில் வைக்கிறார். நெட் வேகம் குறைந்தவர்களுக்காகக் கால்வாசி அளவில் ஓர் ஒலிப்பதிவும் தனியாக உண்டு. பத்து வருஷம் முன்னால் அவர் சொன்னதை இன்றைக்குத் தேடி எடுத்து, 'ஓய், அப்ப இப்படிச் சொன்னீரே' என்று கேட்கலாம். கேட்கிறார்கள். நேயர் கடிதத்தைப் படித்து, தப்பு என்றால் தப்பு என்கிறார். பாட்காஸ்ட்டில் இது அபூர்வம்.

நேர்மாறான உதாரணம், எல்லா வசதியும் உள்ள இடத்திலிருந்து வந்தது. 2018-ல் நியூயார்க் டைம்ஸ் 'கேலிஃபேட்' என்று ஒரு தொடர் வெளியிட்டது. கனடாவில் வசித்த ஓர் இளைஞன், தான் சிரியாவுக்குப் போய் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்ததையும் ஆட்களைக் கொன்றதையும் தன் வாயாலேயே சொல்கிறான். அவன் பேச்சு, நடுவே மௌனம், அடியில் இசை. கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. கனடா நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர், இப்படிப்பட்டவன் எப்படி வெளியே நடமாடுகிறான் என்று அரசைப் பிடித்துக்கொண்டார்கள். தொடருக்குப் பீபாடி விருது கிடைத்தது.

2020 செப்டம்பரில் கனடா போலீஸ், தீவிரவாதி என்று புரளி கிளப்பியதாக அந்த இளைஞன் மேல் வழக்குப் போட்டது. அந்த டிசம்பரில், தொடரின் அஸ்திவாரமே சரியில்லை என்று டைம்ஸ் ஒப்புக்கொண்டு விருதைத் திருப்பிக் கொடுத்தது. கதை கட்டியதை 2021-ல் அவனே ஒப்புக்கொள்ள, வழக்கு கைவிடப்பட்டது.

என்னைக் கவலைப்பட வைப்பது ஏமாந்தது அல்ல. பத்திரிகைகள் ஏமாந்த கதை நிறைய இருக்கிறது. தொடரின் ஆறாவது பகுதியிலேயே அவன் சொல்லும் தேதிகள் இடிப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! பாஸ்போர்ட் முத்திரையும் காலேஜ் ரெக்கார்டும் கதையோடு ஒத்துப்போகவில்லை. அதை மறைக்கவும் இல்லை, ஒலிபரப்பினார்கள். ஆனால் எப்படி? சஸ்பென்ஸாக. சந்தேகமே ஒரு திருப்பமாகி, கேட்பவரை அடுத்த பகுதிக்கு இழுத்துக்கொண்டு போனது. இதே விஷயம் அச்சில் வந்திருந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் 'என்றான் அவன்' என்று ஒரு வால் இருக்கும். நல்ல எடிட்டர் அந்த வாலைப் பிடித்தே கதையை நிறுத்தியிருப்பார். காதில் அந்த வாலுக்கு இடமே இல்லை, அவனே அல்லவா பேசுகிறான்!

டைம்ஸைப் பாராட்டவும் வேண்டும். விசாரித்தார்கள், ஆசிரியர் டீன் பக்கே தங்கள் பாட்காஸ்ட்டிலேயே வந்து தவறை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ள அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதுதான் விஷயம்.

நண்பரின் 'நம்ம' சாக்ஸ் வருகிற 'ஆல்-இன்' நிகழ்ச்சியில் அப்படி யாரும் கிடையாது. 2020-ல் கொரோனா அடைப்பில் சீட்டாட முடியாத நான்கு பணக்கார நண்பர்கள் ஆரம்பித்த அரட்டை அது. புத்திசாலிகள். ஒருவரையொருவர் கலாய்த்துக்கொள்வது கேட்கச் சுகமாக இருக்கும். கம்பெனிக் கணக்கை அவர்கள் பிரித்துக் காட்டுகிற மாதிரி எந்த டி.வி. நிருபரும் காட்டுவதில்லை என்பதும் உண்மை. ஆனால், அவர்கள் செய்தி சொல்பவர்கள் மட்டுமல்ல, செய்தியில் பங்காளிகள். 2023 மார்ச்சில் சிலிக்கன் வேலி வங்கி கவிழ்ந்தபோது, டெபாசிட் போட்டவர்களை அரசு காப்பாற்றவேண்டும் என்று ட்விட்டரில் உரக்கக் கத்தியவர்களில் சாக்ஸும் அவர் கூட்டாளி ஜேசன் கலகானிஸும் உண்டு. 2024 ஜூனில் ட்ரம்ப்புக்காகத் தன் வீட்டிலேயே நிதி திரட்டும் விருந்து வைத்தார் சாக்ஸ். அதே மாதம் ட்ரம்ப் 'ஆல்-இன்'னுக்கு வந்தார். டிசம்பரில் செயற்கை அறிவுக்கும் கிரிப்டோவுக்கும் வெள்ளை மாளிகையின் பொறுப்பாளராக சாக்ஸை அறிவித்தார். கோயில் தர்மகர்த்தாவே உற்சவத்தைப் பற்றி விமரிசனம் எழுதுவது போல.

அந்த ஜூன் நிகழ்ச்சியில்தான் கலகானிஸ் கேட்டார், திறமைசாலிகள் வர வழிசெய்வீர்களா என்று. செய்வேன் என்றார் ட்ரம்ப், அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் வாங்கினால் கூடவே தானாக கிரீன் கார்டு என்றார். எந்தச் சட்டத்தில், எத்தனை பேருக்கு? 2020 ஜூனில் ஹெச்-1பி விசாவில் புதிதாக ஆட்கள் வருவதை நிறுத்தி உத்தரவு போட்டவர் இதே மனிதர்தானே? இதைச் சொல்லி மடக்க ஒரு நிருபர் அங்கே இல்லை. ஒரு நாளுக்குள் அவருடைய பிரசாரக் குழு, கடுமையாக வடிகட்டிய பிறகு மிகத் திறமைசாலிகளுக்கு மட்டும் என்று சுருக்கி அறிக்கை விட்டது. அறிக்கை எழுத்தில் வந்தது. நண்பர் காதுக்குப் போகவில்லை.

இப்போது தலைவர்களுக்கும் இந்த ருசி தெரிந்துவிட்டது. 2024 அக்டோபரில் ட்ரம்ப் ஜோ ரோகனோடு மூன்று மணி நேரம். 2025 மார்ச்சில் நம் பிரதமர் லெக்ஸ் ஃப்ரிட்மனோடு மூன்று மணிக்கும் மேல். மூன்று மணி நேரம் ஒருவர் பொய்யாக இருக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. கல்யாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்தவர்களுக்கு அது முடியும் என்று தெரியும். ஃப்ரிட்மன் அந்தப் பேட்டிக்காக 45 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்ததாகச் சொன்னார். பக்தி சரி. விரதம் இருந்து போகிறவர் சந்நிதியில் வேண்டிக்கொள்வார், குறுக்கு விசாரணை செய்ய மாட்டார். இன்னொன்று, மோடி பேசியது இந்தியில். ஆங்கிலத்தில் கேட்டவர்கள் காதில் விழுந்தது கம்ப்யூட்டர் செய்த அவர் குரலின் நகல். ஒளிவுமறைவு இல்லை, சொல்லித்தான் செய்தார்கள். ஆனால், குரலில் உண்மை தெரியும் என்று நம்புகிறவர்கள் அந்த மூன்று மணி நேரத்தில் எதைக் கேட்டார்கள்?

2025 செப்டம்பர் 19 அன்று ட்ரம்ப் புது ஹெச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று உத்தரவு போட்டார். நண்பர் அந்த வாரயிறுதி முழுக்கத் தூங்கவில்லை. எதையெதையோ கேட்டார். கேட்கக் கேட்க முகம் சுருங்கிக்கொண்டே போனது. அக்டோபரில் அமெரிக்கக் குடியேற்றத் துறை விளக்கம் வெளியிட்டது. ஏற்கெனவே அங்கே மாணவர் விசாவில் இருந்து, நாட்டை விட்டு வெளியேறாமல் மாறுகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் பொருந்தாது. பையன் கேஸ் அதில் வருகிற மாதிரி இருந்தது.

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார்.

'ரொம்ப தேங்க்ஸ் சார்' என்றவர், கொஞ்சம் தயங்கி, 'இதை யாராவது படிச்சுச் சொல்லியிருக்காங்களா?' என்றார்.