ஐந்து வோல்ட்தான் ‘ஒன்றா’?

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மேனிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் பாடநூலில், நேர் லாஜிக் முறையில் 5 வோல்ட் என்பது 1 என்றும், 0 வோல்ட் என்பது 0 என்றும் காண்பீர்கள். உண்மை அட்டவணைகளும் டி மார்கன் தேற்றங்களும் மாணவருக்கு எட்டும்படியே உள்ளன. குறை அந்த 5 வோல்ட்டில்தான் இருக்கிறது.

7400 என்னும் டி.டி.எல். வகை ஐ.சி.யை 5 வோல்ட்டில் இயக்கி, அதன் வெளியீட்டை அடுத்த கேட்டுக்குக் கொடுத்து, மீட்டரை வைத்துப் பாருங்கள். 1 இருக்கவேண்டிய இடத்தில் 5 வராது; 3.4 வோல்ட்டை ஒட்டித்தான் காட்டும். ஐ.சி. பழுது என்று மாணவர் வேறொன்றை மாற்றுகிறார். அதுவும் அப்படியே காட்டுகிறது. முடிவில் பதிவேட்டில் 5 என்று எழுதிவிடுகிறார்! அளந்ததை விட்டு அச்சிட்டதை எழுத நாமே பழக்குகிறோம்.

உண்மையில் 1 என்பது ஒரே எண் அன்று. ஓர் எல்லைக்கு மேற்பட்டது எல்லாம் 1. டி.டி.எல். கேட் தன் உள்ளீட்டில் 2.0 வோல்ட்டுக்கு மேல் வந்தால் 1 என்றும், 0.8க்குக் கீழ் வந்தால் 0 என்றும் கொள்ளும். நடுவில் இருப்பதற்கு உறுதி கிடையாது. வெளியீட்டிலோ 1க்கு 2.4க்குக் குறையாமலும், 0க்கு 0.4க்கு மிகாமலும் தரும். இருபுறமும் உள்ள 0.4 வோல்ட், வயல்களுக்கிடையே விட்ட வரப்பைப் போன்றது. இரைச்சல் அதைத் தாண்டாதவரை தொல்லை இல்லை.

இது தேர்வுக்கு வேண்டாத நுணுக்கம் என்பீர்களா? புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்கள் வண்ண விளக்குத் தொடர் செய்திருந்தார்கள். கட்டளையிடுவது ஈ.எஸ்.பி. 8266, அதன் 1 என்பது 3.3 வோல்ட். விளக்குகள் டபிள்யூ.எஸ். 2812பி, தமக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தில் 0.7 பங்கு வந்தால்தான் 1 என ஏற்பவை. வகுப்பில் மெல்லிய கம்பி வழியே 4.6 வோல்ட்தான் கிடைத்தது. 3.22 போதும், எரிந்தன. கண்காட்சியில் நல்ல 5 வோல்ட் அடாப்டர் வைத்தார்கள். இப்போது 3.5 வேண்டும், நிறங்கள் தாறுமாறாயின. மின்சாரம் சீரானதும் கருவி கெட்டது! பிள்ளைகள் நிரலையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய பழுதில் முதலில் அளக்கவேண்டியது, வாங்கும் ஐ.சி.க்கு வேலை நடக்கும்போது கிடைக்கும் மின்னழுத்தம். அதன் 0.7 பங்கைக் கணக்கிட்டு, கொடுக்கும் ஐ.சி.யின் 1உடன் ஒப்பிடுங்கள். துடிப்புகள் ஓடும்போது மீட்டர் சராசரியைத்தான் காட்டும்; ஆகவே வெளியீட்டை 1இலேயே நிறுத்தும் சிறு நிரல் எழுதி அளக்கவேண்டும்.

பரிகாரம், 5 வோல்ட்டில் இயங்கும் 74எச்.சி.டி.125 ஒன்றை இடையில் வைப்பது. அதற்கு 2.0 வோல்ட் போதும்; வெளியே ஏறக்குறைய 5 தரும். கடைக்காரர் ‘டி’ இல்லாத 74எச்.சி.125 கொடுத்தால் வாங்காதீர்கள், அதுவும் 3.5 கேட்கும்.

பாடநூலின் அடுத்த பதிப்பில் 2.0, 0.8, 2.4, 0.4 என்னும் நான்கு எண்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கலாம். அதுவரை, உங்கள் பதிவேட்டில் உண்மை அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, மீட்டர் காட்டியதை எழுதுங்கள். 3.4 என்று எழுதியதற்காக நான் மதிப்பெண் குறைப்பதில்லை.