கைவிட்டவையும் கணக்கில் சேரும்

ஒரு நகரின் அரும்பொருளகத்தை மதிப்பிட விழைவோர், அங்கே காக்கப்பட்டவற்றை மட்டும் எண்ணினால் போதாது. கைவிடப்பட்டவற்றையும் எண்ணுதல் வேண்டும். சிங்கப்பூர் இதற்குத் தக்க சான்று.

1849இல் தொடங்கப்பெற்ற இராஃபிள்ஸ் அரும்பொருளகம், 1887இல் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் தனக்கெனக் கட்டடம் பெற்றது. விலங்கு, பறவை, பழங்குடியினர் கைவினைப் பொருள் ஆகியவற்றைத் திரட்டுவதில் அது பேர்பெற்றது. 1892இல் மலாக்காக் கரையில் ஒதுங்கிய 42 அடித் திமிங்கலத்தின் எலும்புக்கூடு, 1907 முதல் அங்கே தொங்கிச் சிறுவரை வியப்பில் ஆழ்த்தியது.

விடுதலைக்குப் பின் நாட்டு வரலாறும் கலையுமே அங்கே முதலிடம் பெற்றன. புதிய நாட்டுக்குத் தன் வரலாறு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின், அதன்பொருட்டு இயற்கையை வெளியேற்றியது குறையே. 1974இல் திமிங்கலம் மலேசியாவுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் லாபுவான் சென்றது. எஞ்சிய உயிரினத் தொகுப்பு இடம்விட்டு இடம் அலைந்தது. 2015இல்தான் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் அதற்கு நிலையான இல்லமாயிற்று. அவ்வாண்டே ஜூரோங் தீவருகே இறந்து மிதந்த வேறொரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே இடம்பெற்றது.

எல்லா இழப்புக்கும் இவ்வாறு ஈடு கிடைப்பதில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற கல்வெட்டுப் பாறை 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டொன்று தேசிய அரும்பொருளகத் தொகுப்பில் உள்ளது. அதன் எழுத்தை இன்றுவரை எவரும் ஐயமறப் படித்திலர். முழுப் பாறையும் நின்றிருப்பின் படித்திருக்கலாம்.

மாணவரை அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், கண்டவற்றைப் பட்டியலிடச் சொல்வதோடு நில்லாமல், "இங்கிருந்து போனது யாது? ஏன் போயிற்று?" என்றும் வினவச் செய்தல் வேண்டும். அவ்வினாவே வருங்காலத்தின் காவல்.