தைஜிக் குடா: படம் காட்டியதும் காட்டாததும்

லூயி சிஹோயோஸ் இயக்கிய 'தி கோவ்' என்னும் ஆவணப்படம் 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றது. ஜப்பானின் கீ தீபகற்பத்தில், வாகாயாமா மாநிலத்தைச் சேர்ந்த தைஜி என்னும் சிற்றூரை உலகமெங்கும் அறியச் செய்தது இப்படமே. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன், குருதி கலந்து சிவந்த கடல்நீர்தான் இன்று பலருடைய நினைவிற்கு வருகிறது. ஒரு கலைப்படைப்பு இவ்வளவு ஆற்றலோடு ஓர் ஊரின் மீது தீர்ப்பெழுதும்போது, அத்தீர்ப்பு நேர்மையானதா என்று கேட்கும் கடமை பார்வையாளராகிய நமக்கு உண்டு. விலங்குகளைப் பொறுத்தவரை இப்படம் உண்மை பேசுகிறது. மனிதரைப் பொறுத்தவரை அநீதி இழைக்கிறது என்பதே நம் கருத்து.

முதலில் அதன் உண்மையைச் சொல்லிவிடுவோம். தைஜியில் செப்டம்பர் தொடங்கி இளவேனில் வரை ஓங்கில் வேட்டை நடைபெறுகிறது. (டால்பினுக்கு நம் கடற்கரை மக்கள் வழங்கும் பெயர் ஓங்கில். ஜப்பானியரோ 'இருகா' என்னும் சொல்லைக் கடல், பன்றி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகின்றனர்.) படகுகள் ஆழ்கடலில் வரிசையாய் நிற்கும், நீருக்குள் இறக்கிய இரும்புக் குழாய்களைச் சுத்தியலால் ஓயாது தட்டுவார்கள். ஒலியைக் கொண்டே வழியறியும் அவ்வுயிர்கள், தம்மைச் சூழ்ந்த ஓசைச் சுவருக்கு அஞ்சிக் கரையை நோக்கி ஓடும். குடாவிற்குள் புகுந்ததும் வலைகள் வாயிலை அடைக்கும். காட்சியகங்களுக்கு ஏற்றவற்றைப் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த பின், எஞ்சியவற்றுள் பல இறைச்சிக்காகக் கொல்லப்படும். யாரும் பார்க்கக் கூடாதென்று மறைக்கப்பட்டிருந்த இச்செயலை, செயற்கைப் பாறைகளுக்குள் ஒளித்து வைத்த கருவிகளால் படக்குழுவினர் பதிவு செய்தனர். நீருக்கடியில் ஒலிவாங்கி கேட்ட கூக்குரல்களைப் படம் நமக்குக் கேட்கத் தருகிறது. அதில் மிகைப்படுத்தல் ஏதுமில்லை.

படத்தின் நடுநாயகம் ரிக் ஓ'பாரி. 1960-களில் 'ஃபிளிப்பர்' என்னும் தொலைக்காட்சித் தொடருக்காக ஓங்கில்களைப் பிடித்துப் பழக்கியவர் இவரே. அத்தொடரில் நடித்த கேத்தி என்ற ஓங்கில் தம் கைகளிலேயே மூச்சை அடக்கி உயிர்விட்டதாக அவர் நம்புகிறார். அதன்பின், 1970-இல் பிமினித் தீவில் சிறைப்பட்ட ஓர் ஓங்கிலை விடுவிக்க முயன்று கைதானார். தாம் கட்டி எழுப்பிய தொழிலைத் தாமே இடிக்கப் புறப்பட்ட ஒரு மனிதரின் மனவருத்தம் இப்படத்திற்கு ஆழம் தருகிறது. எஞ்சிய பகுதிகளில் பெரிதும் கருவிகளின் சாகசமே மேலோங்கியுள்ளது.

நம் குறை தொடங்குமிடமும் இதுவே. ஓ'பாரிக்கு ஒரு கடந்த காலம் உண்டு, உறுத்தல் உண்டு, மாற்றம் உண்டு. தைஜி மீனவருக்கு இவற்றுள் எதுவும் வழங்கப்படவில்லை. அவர்கள் கத்துகிறார்கள், வழிமறிக்கிறார்கள், பின்தொடர்கிறார்கள். படம் திருட்டுக் கதையின் வடிவத்தை விரும்பி ஏற்றுக்கொண்டிருக்கிறது: இரவு, மாறுவேடம், காவலரை ஏமாற்றுதல், திட்டம் வெல்லுமா என்ற பதைப்பு. இவ்வடிவத்திற்குக் காவல்காரர் வேண்டும். காவல்காரருக்கு மனம் இருந்தால் கதை தடைப்படும். ஆகவே மீனவரிடம் யாரும் அமர்ந்து பேசவில்லை. ஆண்டுக்கு 23,000 உயிர்கள் என்று படம் கூறும் எண்ணும் இவ்வகையிலேயே கையாளப்படுகிறது. அது ஜப்பான் முழுமைக்குமான எண். அதில் பெரும்பகுதி வடகடலில் ஈட்டியால் எறிந்து கொல்லப்பட்ட வேறோர் இனத்தைச் சேர்ந்தது. படம் பார்த்து வெளியே வருபவரோ, அத்தனையும் ஒரே குடாவில் நிகழ்வதாக எண்ணிக்கொள்கிறார்.

தைஜியின் வரலாற்றை அறிந்திருந்தால் படம் எவ்வளவோ வளமுற்றிருக்கும். 1606-ஆம் ஆண்டில் அங்குத் திமிங்கில வேட்டை ஒழுங்கமைக்கப்பட்டது. 1670-களில் வலையிட்டு மடக்கும் முறை வந்தது. 1878 டிசம்பர் 24 அன்று, கன்றோடு வந்த ஒரு திமிங்கிலத்தைத் துரத்திச் சென்ற படகுகள் புயலில் சிக்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை. அதன்பின் அவ்வூரார் பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவிற்கும் ஆஸ்திரேலியாவின் புரூம் நகருக்கும் சென்றனர். புரூமில் முத்துக்குளித்து மாண்ட ஜப்பானியரின் கல்லறைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அந்நகர் தைஜியோடு சகோதர நகர் உறவு பூண்டிருந்தது. 2009 ஆகஸ்டில், இப்படம் எழுப்பிய எதிர்ப்பினால் புரூம் மன்றம் அவ்வுறவை நிறுத்தி வைத்தது. அந்நகரிலேயே வாழ்ந்த ஜப்பானிய வழித்தோன்றல்களின் மனம் நொந்தது. அக்டோபரில் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது. சினம் எவ்வளவு விரைவில் இறந்தோரின் கல்லறை வரை செல்கிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இதனால் தைஜியின் வாதத்தை நாம் அப்படியே ஏற்றுக்கொள்வதாகப் பொருளில்லை. நானூறு ஆண்டு மரபு என்று அவ்வூர் நிர்வாகம் கூறுவது திமிங்கில வேட்டைக்கே முழுமையாகப் பொருந்தும். இன்று காணும் ஒருங்கமைந்த துரத்தல் முறை 1969-ஆம் ஆண்டை ஒட்டி, ஊரில் திமிங்கில அருங்காட்சியகம் திறக்கப்பட்ட காலத்தில், காட்சிக்கு உயிர் தேடும் முயற்சியோடு சேர்ந்து வளர்ந்தது. உயிருடன் விற்கும் ஒன்றிற்கு ஒன்றரை இலட்சம் டாலர் வரை, இறைச்சிக்கு ஏறத்தாழ அறுநூறு டாலர் என்று படமே கணக்குக் கூறுகிறது. அக்கணக்கு சரியானால், வேட்டையைத் தாங்கி நிற்பவர் நீரரங்கில் கைதட்டும் குடும்பங்களே. மீனவரைக் காட்டுவதில் செலவிட்ட நேரத்தில் பாதியையேனும் கைதட்டுவோரைக் காட்டுவதில் படம் செலவிட்டிருக்கலாம்.

பாதரசம் பற்றிய பகுதி வலுவானது. பள்ளிப் பிள்ளைகளின் உணவில் இவ்விறைச்சி சேர்வதை எதிர்த்த இரண்டு ஊர்மன்ற உறுப்பினரைப் படம் காட்டுகிறது. மினமாட்டா நோய்க்கான தேசிய ஆய்வு நிறுவனம் 2010-இல் வெளியிட்ட முடிவு, தைஜியில் சோதிக்கப்பட்ட 1,137 பேரின் தலைமுடியில் பாதரச அளவு பிற ஊர்களின் சராசரியைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று கண்டது. நோயின் அறிகுறி காணப்படவில்லை என்றும் அது கூறியது. மினமாட்டாவின் பெயரைத் தாங்கிய நிறுவனமே வந்து சோதித்தது என்பதில், அந்நாட்டு மக்கள் உணரும் நடுக்கத்தைப் பிறர் எளிதில் உணர இயலாது.

மெகுமி சசாகி 2016-இல் எடுத்த 'எ வேல் ஆஃப் எ டேல்' முந்தைய படம் விட்ட இடத்தை நிரப்ப முயல்கிறது. நியூயார்க்கில் வாழும் ஜப்பானியப் பெண்ணாகிய அவர், மீனவரிடமும் எதிர்ப்பாளரிடமும், ஊரில் வந்து தங்கிய அமெரிக்கச் செய்தியாளரிடமும் பொறுமையாகச் செவிசாய்க்கிறார். இரு தரப்பாரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமல் ஒளிப்படக் கருவிகளை நீட்டிக்கொண்டு நிற்கும் அவலம் அதில் நன்கு வெளிப்படுகிறது. ஆனால் அவரது பரிவு கரையிலேயே நின்றுவிடுகிறது. ஒலிச்சுவருக்குள் சிக்கிய உயிரின் வேதனை அங்கு ஒரு கருத்து வேறுபாடாகச் சுருங்குகிறது. கெய்கோ யாகியின் 'பிஹைண்ட் தி கோவ்' (2015) எதிர்வாதத்தின் ஆவணம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை.

வேட்டை நிற்கவில்லை, கொல்லப்படும் எண்ணிக்கை அன்றைவிடக் குறைந்துள்ளது. 2015 மே மாதத்தில், உலக அமைப்பின் நெருக்குதலால், ஜப்பானிய உயிர்க்காட்சியகங்களின் சங்கம் தைஜியில் துரத்திப் பிடித்தவற்றை வாங்குவதில்லை என முடிவெடுத்தது. தைஜி அருங்காட்சியகம் அச்சங்கத்தை விட்டு விலகிக்கொண்டது. கொல்லும் முறையும் மாறியது: தண்டுவடத்தில் கம்பி செருகி, குருதி கடலில் பரவாதவாறு துளையை மரமுளையால் அடைக்கின்றனர். உயிர் உடனே உணர்விழப்பதில்லை என்று 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வலி குறைந்ததா என்பது ஐயமே. சிவப்பு மட்டும் மறைந்தது.

ஜப்பானில் இப்படத்தைத் திரையிட முயன்றபோது, வலதுசாரியினரின் எதிர்ப்பால் சில அரங்குகள் பின்வாங்கின. இறுதியில் 2010 ஜூலை 3 அன்று ஆறு அரங்குகளில் அது வெளியிடப்பட்டது. அப்பதிப்பில் தைஜி மக்களின் முகங்கள் அடையாளம் தெரியாதவாறு மங்கலாக்கப்பட்டிருந்தன. வழக்குக்கு அஞ்சிச் செய்ததாகவே இருக்கலாம். ஆனாலும் அவர்களுடைய சொந்த நாட்டார் முதன்முதலில் அவர்களைத் திரையில் பார்த்தது அவ்வாறுதான். சசாகியின் படத்தில் அம்முகங்கள் தெளிவாகத் தெரிய மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.