கடலோரத் தெருவை ரசித்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?
கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் பழகிய கண்ணோடு அடிலெய்டில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலின் நடராஜர் 1982-இல் களவு போனார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் அவர் இருப்பது பின்னாளில் தெரியவந்தது. 37 ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில் ஊர் திரும்பினார். அவர் இருந்துவிட்டு வந்த அதே நகரத்துக்குத்தான் இன்று நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாகப் போகிறார்கள். போகுமுன் எல்லோருக்கும் இருக்கும் ஆசை ஒன்று: அடிலெய்டில் நீளமான கடற்கரை இருக்கிறதே, அங்கேயே கலகலப்பான ஓர் இடமாகப் பார்த்து வீடு எடுத்தால் என்ன?

நல்ல ஆசை. ஆனால் விளம்பரப் படங்களில் ஜன்னலுக்கு வெளியே நீலமாகத் தெரியும் கடலை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடக் கூடாது. கடலோரக் குடியிருப்பில் உயிர் இருக்கிறதா என்று அறிய ஒரே வழிதான் உண்டு. அங்கே குடியிருப்பவர்கள் ஒரு சாதாரண வாரநாளில் தண்ணீருக்கு எப்படிப் போய் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவருக்கு இந்தப் பார்வை ஏற்கெனவே கைவந்தது. அதை வெளியூருக்கும் எடுத்துப் போகலாம்.

கண்ணை ஊரிலேயே பழக்குங்கள்

கிளம்புவதற்கு முன் ஒரு காலைப் பொழுதைக் கல்லிடையில் இதற்கென்றே ஒதுக்குங்கள். அக்ரஹாரத் தெரு எதிலாவது ஒரு திண்ணையில் உட்காருங்கள். அங்கிருந்து ஆறு தெரியாது. ஆனாலும் ஆறு தெருவுக்குள் வந்துபோய்க்கொண்டே இருக்கும். தோளில் துண்டோடு ஒருவர் போவார். ஈர வேட்டியோடு இன்னொருவர் திரும்புவார். துவைத்த துணியை வாளியில் சுமந்தபடி ஒரு பாட்டி வருவார். வழியில் நாலு வீட்டில் நின்று பேசிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது வழி: வீட்டிலிருந்து தண்ணீர்வரை நடந்தே போக முடிகிறதா, நடுவில் கடக்க முடியாத தடை ஏதும் உண்டா? இரண்டாவது வயது: கிழவரும் குழந்தையும் துணையில்லாமல் போய் வருகிறார்களா? மூன்றாவது வழியில் உள்ள பிழைப்பு: பூக்கடை, காபிக்கடை, கோயில் என்று நின்று போக இடம் இருக்கிறதா? நான்காவது வழி முடியும் இடம்: படித்துறை போல எல்லோரும் இறங்கவும் உட்காரவும் தோதான பொது இடம் இருக்கிறதா? இந்த நான்கும் சேர்ந்தால்தான் நீர்க்கரை கலகலப்பாக இருக்கும்.

அப்புறம் ஊரின் தொழிலைப் பாருங்கள். கல்லிடை அப்பளத்தின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரார் உறுதியாகச் சொல்வார்கள். இந்த ஆற்றங்கரை ஊரின் ஆதிவராகப் பெருமாளைப் பற்றி முத்துசுவாமி தீட்சிதர் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனையே செய்திருக்கிறார். ஊரை ஒட்டி ஓடும் கன்னடியன் கால்வாய் ஆற்றுநீரை வயலுக்குக் கொண்டுபோகிறது. தண்ணீர் இங்கே சாப்பாட்டிலும் பாட்டிலும் விளைச்சலிலும் கலந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க மட்டும் தண்ணீர் இருக்கும் இடத்துக்கும், வாழ்க்கையோடு தண்ணீர் கலந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே உட்கார்ந்தால் புரிந்துவிடும்.

ஜன்னலை விடுங்கள், வழியைப் பாருங்கள்

சென்னை பெசன்ட் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கடல் தெரியாத வீடுகளே மிகுதி. இருந்தும் அந்தப் பகுதி முழுவதும் கடற்கரைக் குடியிருப்பாகவே வாழ்கிறது. எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்து போய்விடலாம். போகிற வழியில் கடைகள் உண்டு. கரையோரத்தில் அஷ்டலட்சுமி கோயிலும் வேளாங்கண்ணி மாதா ஆலயமும் உண்டு. காலையில் நடப்பவர்களும் மாலையில் சுண்டல் தின்பவர்களும் கும்பிட வருகிறவர்களும் ஒரே கரையைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

கொழும்பு வெள்ளவத்தை இன்னொரு பாடம். தமிழர்கள் நிறைந்த பகுதி. காலி வீதியில் கடைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் கரையை ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது. கடலைப் பார்க்க முடிகிற இடத்திலெல்லாம் கடலில் இறங்கிவிட முடியாது. அங்கே கலகலப்பு மணலில் குறைவு, வீதியில் அதிகம். அது குறையில்லை, அந்த இடத்தின் குணம் அது. உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கடைத்தெருவின் சத்தமா, மணலில் நடையா, நீச்சலா?

அடிலெய்டின் கரைகள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்

அடிலெய்டின் கடற்கரை மேற்கு பார்த்தது. திருச்செந்தூரில் கடலிலிருந்து எழும் சூரியனைப் பார்த்தவருக்கு அங்கே கடலில் இறங்கும் சூரியன் கிடைக்கும். ஊர் முழுக்க மாலையில் கரைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். செயின்ட் வின்சென்ட் வளைகுடாவுக்குள் இருப்பதால் அலைகளும் பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும்.

கிளெனெல்க் இருப்பதிலேயே கலகலப்பானது. 1836 டிசம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றம் பிரகடனம் செய்யப்பட்டது இங்கேதான். நகர நடுவிலிருந்து டிராம் ஏறினால் ஏறத்தாழ அரைமணியில் கடலருகே இறங்கலாம். 1873-இல் ரயில் பாதையாகத் தொடங்கி 1929-இல் டிராம் பாதையாக மாறிய தடம் அது. கடைசிப் பகுதியில் டிராம் ஜெட்டி ரோடு கடைத்தெருவின் நடுவிலேயே ஓடி, மோஸ்லி சதுக்கத்தில் நிற்கும். இறங்கினால் எதிரே கடற்பாலம். வழி, கடை, பொது இடம் எல்லாம் ஒரே கோட்டில் அமைந்த இடம். கோடை வார இறுதியில் கூட்டம் நெரியும். அதைத் திருவிழாவாக எடுத்துக்கொள்பவருக்கு ஏற்றது. தூக்கம் முக்கியம் என்பவர் ஜெட்டி ரோட்டிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு பார்க்கலாம்.

ஹென்லி பீச் கொஞ்சம் நிதானமானது. கடற்பாலத்தின் முன்னால் ஒரு சதுக்கம், சுற்றிலும் உணவகங்கள். குழந்தைகளை விளையாட விட்டுப் பெற்றோர் பேசிக்கொண்டிருக்கும் இடம். செமஃபோர் அகன்ற மணல்வெளியும் பழைய கட்டடங்களும் கொண்டது. துறைமுகத்துக் கப்பல்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள 1875-இல் எழுப்பிய நேரக்கோபுரம் இன்னும் நிற்கிறது. கிரேஞ்சுக்கு நகரிலிருந்து ரயில் உண்டு. அங்கே அமைதிதான் முதல் குணம்.

தெற்கே பிரைட்டன். அங்கும் ஒரு ஜெட்டி ரோடு, ஒரு கடற்பாலம், சீஃபோர்டு தடத்தில் ரயில் நிலையம். இந்த இடத்தை நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அதே ரயில் தடத்தில், சில நிலையங்களுக்கு முன்னால் இருக்கும் ஓக்லண்ட்ஸ் பார்க்கில் ஸ்ரீ கணேசர் கோயில் இருக்கிறது. கடலுக்கும் கோயிலுக்கும் கார் இல்லாமலே போய்வரக்கூடிய இடம் வெளிநாட்டில் எளிதில் அமையாது. புதிதாக வந்து இன்னும் ஓட்டுநர் உரிமம் எடுக்காத குடும்பத்துக்கு, கூடவே வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு, இது பெரிய காரியம்.

நாலு வேளையும் போய்ப் பாருங்கள்

தாமிரபரணி ஆனி ஆடிச் சாரலில் ஒரு முகம் காட்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னொரு முகம். ஒரே நாளில் ஆற்றைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்பவரை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். கடற்கரைக்கும் அதே நியாயம்தான்.

வீட்டை விடியற்காலையில் ஒருமுறை பாருங்கள். நாயோடு நடப்பவர்களும் நீந்துபவர்களும் ஒருவரையொருவர் கண்டு தலையசைக்கிறார்களா? அப்படியென்றால் அங்கே அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் பாருங்கள்: கடைகள் திறந்திருக்கின்றனவா, வார இறுதி விருந்தாளிகளை மட்டும் நம்பி இருக்கின்றனவா? பள்ளி விடும் நேரத்தில் பாருங்கள்: பிள்ளைகள் தெருவில் தென்படுகிறார்களா? சனிக்கிழமை இரவில் பாருங்கள்: அந்தச் சத்தத்தோடு உங்களால் தூங்க முடியுமா?

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும். 40 டிகிரியைத் தாண்டும் நாட்களிலும் பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் கரையோர வீடுகளை முதலில் குளிரவைக்கும். ஜூன், ஜூலையிலோ ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். ஈரக்காற்று ஜன்னல் இடுக்குகளைத் தேடி நுழையும். மழைக்காலமும் அதுதான். கோடையில் பார்த்து மயங்கிய வீட்டில் சூடேற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று விமான நிலையம். அது நகருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. முதன்மை ஓடுபாதையின் ஒரு முனை வடக்கு கிளெனெல்க் பக்கம் பார்க்கிறது. இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. மற்ற நேரத்தில் தலைக்கு மேல் கேட்கும் இரைச்சலை அரைமணி நின்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தண்ணீரின் கோபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீர்க்கரையை நேசிப்பவர் அதன் சீற்றத்தையும் விசாரித்து வைத்துக்கொள்வார்.

கிளெனெல்க்கில் கேட்க வேண்டிய பெயர் படவலொங்கா. ஓடைநீர் தேங்கிக் கடலில் கலக்கும் இடம் அது. 2003-இல் மழை பெய்தபோது அதன் மதகு திறக்காமல் போய், வடக்கு கிளெனெல்க் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கடலோர வீட்டுக்குக் கடல் பக்கமிருந்துதான் தண்ணீர் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. வீடு பார்க்கும்போது ஓடையும் மதகும் எந்தப் பக்கம் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

மணலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அலையும் காற்றும் சேர்ந்து அடிலெய்டு கரையின் மணலை ஆண்டு முழுவதும் வடக்கே தள்ளுகின்றன. அதனால் வெஸ்ட் பீச் கரைந்துகொண்டே போக, செமஃபோர் பக்கம் மணல் சேர்கிறது. அதை அள்ளிக் கரைந்த இடத்தில் கொட்டுவது அங்கே தொடர் வேலை. 2025-இல் நுண்பாசி பெருகி, கரையில் மீன்கள் செத்து ஒதுங்கிய துயரமும் நடந்தது. அப்படிப்பட்ட நாளிலும் ஊரார் கரைக்கு வந்து பார்த்தார்கள், கவலைப்பட்டார்கள். கடலைத் தங்களுடையதாக நினைப்பவர்கள் வாழும் இடம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வாடகைக் கணக்கு

அங்கே வாடகையை வாரத்துக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். அதை நாலால் பெருக்கி மாத வாடகை என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். வாரம் 500 டாலர் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 2,167 டாலர், 2,000 இல்லை.

நம் ஊரில் அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையில் இருக்கும். அங்கே ‘பாண்ட்’ என்னும் அந்தத் தொகை மாநில அரசின் துறையிடம் போய்ச் சேரும். காலி செய்யும்போது தகராறு வந்தால் அதுவே காப்பு. வீட்டுக்குள் நுழையும்போது தரும் ஆய்வுத்தாளில் சுவர்க்கறை, உடைந்த கைப்பிடி, துருப்பிடித்த குழாய் எல்லாவற்றையும் எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடலோர வீட்டில் துருவும் ஈரமும் இயல்பு. குடிவரும் முன்பே இருந்தது எது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

முடிந்தால் முதலில் குறுகிய காலத்துக்குத் தங்கி, பார்த்துப் பழகிவிட்டு நீண்ட ஒப்பந்தம் போடுங்கள். கடல் தெரியும் அறைக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை, தண்ணீருக்கு எட்டு நிமிட நடையில் இருக்கும் எளிய வீட்டுக்கு மாற்றினால் மிச்சப்படுத்தலாம். அந்த நடைதான் உங்களை ஊராரிடம் சேர்க்கும்.

குடிவந்த பிறகு

ஆற்றில் நீந்தத் தெரிந்தவருக்குக் கடல் தெரியும் என்று எண்ண வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெண்ணிற நினைவகம், மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்விட்ட டென்மார்க்கு நாட்டவர் ஷ்மிட்டுக்கு எழுப்பியது. ஆஸ்திரேலியக் கரைகளில் சிவப்பு மஞ்சள் கொடிகள் நட்டிருந்தால், இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். கிளெனெல்க், ஹென்லி, பிரைட்டன், செமஃபோர் கரைகளில் தன்னார்வலர்களின் கடற்காப்புச் சங்கங்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் கடலைக் கற்றுத்தரும் ‘நிப்பர்ஸ்’ வகுப்புகள் கோடையில் நடக்கும். பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள், நீங்களும் கரையில் நின்று ஒரு கை கொடுங்கள்.

கலகலப்பான இடத்தைத் தேடிப் போகிறவர்கள் அந்தக் கலகலப்பில் தங்கள் பங்கையும் போட வேண்டும். படித்துறையில் பேச்சுக்கொடுத்த பாட்டிகளால்தான் கல்லிடைத் தெருக்கள் வாழும் தெருக்களாக இருக்கின்றன. எந்தக் கரையில் குடியேறினாலும், எதிரே வருகிறவரைப் பார்த்து முதலில் சிரியுங்கள், முதலில் பேசுங்கள். அடுத்த குடும்பம் வீடு பார்க்க வரும்போது, அந்தத் தெருவில் அவர்கள் ரசிக்கும் உயிர்ப்பில் நீங்களும் இருப்பீர்கள்.