பதினாறு சதுரத் தோட்டம்

பிரான்ஸ்காரர் புரூனோ கதாலா வடிவமைத்த ‘நியா’ என்ற இருவர் ஆட்டத்துக்கு மேசையின் ஒரு மூலை போதும். ஜப்பானிய அரண்மனைத் தோட்டம் என்று 16 சதுர அட்டைகளைக் கலைத்து நாலுக்கு நாலாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தாவரம்: மேப்பிள், செர்ரி, பைன் அல்லது ஐரிஸ். கூடவே பறவையோ, உதயசூரியனோ, மழையோ, கவிதைச் சீட்டோ. ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படங்கள் பழகியவை.

முதலில் ஆடுபவர் ஓரத்து அட்டை ஒன்றை எடுத்து, அந்த இடத்தில் தன் வில்லையை வைப்பார். எதிராளி அதே தாவரமோ அதே சின்னமோ உள்ள அட்டையைத்தான் எடுக்கலாம். அந்தாதி மாதிரி, ஒருவர் முடித்ததில்தான் மற்றவர் தொடங்க வேண்டும். குறும்பு இங்கேதான். எனக்கு எந்த இடம் வேண்டும் என்பதைவிட, நான் எடுப்பது அவருக்கு எதை விட்டுக்கொடுக்கிறது என்றே யோசிக்க வேண்டியிருக்கிறது. வரிசையில், மூலைவிட்டத்தில் அல்லது சிறு சதுரமாக நான்கு வில்லைகள் சேர்ந்தால் வெற்றி. எதிராளிக்கு எடுக்க அட்டையே இல்லாமல் செய்தாலும் வெற்றிதான். எனக்குப் பிடித்தது இந்தக் கொடுமை.

வெறும் எண்களை அச்சிட்டாலும் இந்த ஆட்டம் நடக்கும். பிறகு ஐரிஸ் பூ எதற்கு? தோற்றவர் பார்த்துக்கொண்டிருக்கத்தான்.